தாஜ் மஹாலின் ப்ளூஸும் ரெகேயும்: கேள்வி பதில்

கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸைப் பாடும் தாஜ் மஹால், அதோடு ஜமைக்காவின் ரெகே இசையைச் சேர்த்து 1974இல் வெளியிட்ட 'மோ ரூட்ஸ்' இசைத்தட்டைப் பற்றியும் அவரைப் பற்றியும் நண்பர்கள் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணா, கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்குத் தாஜ் மஹால் என்று எப்படிப் பெயர் வந்தது?

இயற்பெயர் ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடெரிக்ஸ். 1942இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தார். காந்தியையும் இந்தியாவையும் பற்றிய கனவுகளால் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இதில் மேலும் தோண்ட ஒன்றுமில்லை, தம்பி.

கேள்வி: ப்ளூஸ் மிசிசிப்பிக்காரர்களுடையது, ரெகே ஜமைக்காவுடையது. இரண்டையும் சேர்ப்பது ஒட்டுப்போட்ட வேலைதானே?

அவை தூரத்து உறவு என்று நினைப்பதால் வரும் சந்தேகம் இது. 1950களில் ஜமைக்கா இளைஞர்கள் மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலி நிலையங்களை விடாமல் கேட்டார்கள். கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்திய நடன விருந்துகளில் நியூ ஆர்லியன்ஸ் பாடகர் ஃபேட்ஸ் டோமினோ போன்றவர்களின் பாட்டுகள் ஓடின. மெம்ஃபிஸைச் சேர்ந்த ராஸ்கோ கார்டன் பியானோவில் தாளத் தட்டுகளுக்கு இடையில் அழுத்தி வாசிப்பார்; அந்த அழுத்தம் ஜமைக்கா வாத்தியக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. அதை வளர்த்து ஸ்கா என்ற துள்ளலான நடன இசை ஆக்கினார்கள். ஸ்கா நிதானப்பட்டு ராக்ஸ்டெடி ஆனது, 1968 வாக்கில் ரெகே வந்தது. தாஜ் மஹால் செய்தது பிரிந்த பங்காளிகளை ஒரே பந்தியில் உட்காரவைத்த வேலை.

கேள்வி: நான் இசை படித்தவள் இல்லை. இரண்டின் வேறுபாட்டையும் காதால் எப்படிக் கண்டுபிடிப்பது, ஐயா?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கேளுங்கள், அம்மா. ப்ளூஸில் கால் தானாக 'ஒன்று' என்ற இடத்தில் தரையைத் தட்டும். ரெகேயில் 'ஒன் டிராப்' என்றொரு தாளக்கட்டு உண்டு: அந்த முதல் தட்டில் டிரம்ஸ் பேசாது, 'மூன்று' வரும்போதுதான் முழு எடையும் இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிடார் 'சக்' என்று வெட்டிவிட்டு நின்றுவிடும். மெட்டைப் பெரும்பாலும் பேஸ் கிடார் சுமக்கும்.

இந்தக் காதோடு 'மோ ரூட்ஸ்' தட்டிலுள்ள 'ஸ்லேவ் டிரைவர்' பாட்டுக்குப் போங்கள். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி எழுதியது. அவருடைய வெய்லர்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டுத் தட்டில் முதலில் வந்தது. சாட்டைச் சத்தம் கேட்டால் இரத்தம் உறைகிறது, அடிமைக் கப்பல் நினைவுக்கு வருகிறது என்று பாடுபவன் சொல்கிறான். மார்லியின் குரலில் இளமையின் கோபம் இருக்கும். தாஜ் மஹாலின் குரலோ கரகரப்பான ப்ளூஸ் குரல். அதில் இதே வரிகள் தென்மாநிலத் தோட்டக்காட்டுக் கதையாக மாறிவிடுகின்றன. கப்பல்கள் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனிலும் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் இறக்கிவிட்டது ஒரே மக்களைத்தானே.

கேள்வி: கரீபியன் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது?

வீட்டிலிருந்து. தந்தை வழி செயின்ட் கிட்ஸ் தீவு. தாய் தென் கரோலினாக்காரர், தேவாலயத்தில் பாடியவர். ஜாஸ் இசைக்கலைஞரான தந்தையின் சிற்றலை வானொலியில் உலகத்து இசையெல்லாம், அவர் வளர்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. சிறுவனாக இருக்கும்போதே அந்தத் தந்தை விபத்தில் இறந்துபோனார். பிறகு வந்த மாற்றாந்தந்தை ஜமைக்காக்காரர். அவருடைய கிடார்தான் பையனின் கைக்குக் கிடைத்தது. 'மோ ரூட்ஸ்' தட்டில் செயின்ட் கிட்ஸ் பெண்ணான கிளாராவைப் பற்றி ஒரு பாட்டு இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: அமெரிக்கர் ஜமைக்கா உச்சரிப்பில் பாடுவது வேஷம் இல்லையா?

சில இடங்களில் எனக்கும் கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. 'ஜானி டூ பேட்' பாட்டை அதை முதலில் பாடிய ஜமைக்காவின் ஸ்லிக்கர்ஸ் குழுவிடம் கேட்பதையே விரும்புவேன். ஆனால் ஜமைக்காக்காரர் வளர்த்த பிள்ளையிடம் 'இந்தப் பேச்சு உனக்கு ஏது' என்று கேட்க நமக்கு என்ன உரிமை?

கேள்வி: அவருடைய சொந்த மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?

1960களில் கறுப்பின இளைஞர்கள் பலர் சோல் இசையின் பக்கம் போய்விட்டார்கள். பழைய ப்ளூஸ் அவர்களுக்கு வறுமையையும் அவமானத்தையும் நினைவூட்டியது. பேஞ்சோவின் நிலை இன்னும் மோசம். ஆப்பிரிக்க நரம்பு வாத்தியங்களின் வழியில் அடிமைகள் உருவாக்கிய அந்த வாத்தியத்தை, முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் கேலிக்கூத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தாஜ் மஹால் அதையும் விடாமல் மேடையில் வாசித்தார். 1999இல் மேற்கு ஆப்பிரிக்க நரம்பு வாத்தியமான கோராவை வாசிக்கும் மாலி நாட்டுக் கலைஞர் டூமானி டியபாட்டேயுடன் 'குலஞ்ஜான்' தட்டைப் பதிவுசெய்தார். அதில் ப்ளூஸ் கிடாரும் 21 நரம்புக் கோராவும் முன்பே பழகியவை போலப் பேசிக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் அவருடைய சாதனை 'மோ ரூட்ஸை' விட இதுதான்.

கேள்வி: நம் இசையோடு ஏதாவது தொடர்பு உண்டா, சார்?

உண்டு. 1995இல் வந்த 'மும்தாஜ் மஹால்' தட்டில் சித்ரவீணை ரவிகிரணும் மோகன வீணை விஸ்வ மோகன் பட்டும் அவரோடு வாசித்தார்கள். சித்ரவீணையில் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுக்கட்டைகள் கிடையாது; நரம்பின் மேல் கட்டையை நகர்த்தித்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக் கிடாரில் இழுக்கும் ப்ளூஸ்காரர்களின் நுட்பமும் இதுவே. கமகம் இரு பக்கமும் தடையில்லாமல் ஓடுகிறது.

கேள்வி: அவருக்குப் பின் இந்த வழியில் யார்?

அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் கோரி ஹாரிஸ். 1969இல் டென்வரில் பிறந்தவர், கேமரூனில் தங்கிப் படித்தவர், நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் வாசித்தவர். 2003இல் 'மிசிசிப்பி டு மாலி', 2007இல் முழுக்க ரெகேயான 'சயான் கிராஸ்ரோட்ஸ்'. முதலில் மாலித் தட்டைக் கேளுங்கள், ரெகே அடுத்த வாரம் ஆகட்டும்.