மாயாஜால நாவலை ஜப்பானிய அனிமேஷன் படமாக எடுக்கும்போது கதையை எவ்வளவு மாற்றலாம்?

நாவலில் இருப்பதை அப்படியே எடுக்காவிட்டால் அது எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். சம்பவங்களை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், பாத்திரங்களைக்கூடத் தூக்கிவிடலாம். ஆனால் கதையின் மையப் பாத்திரம் எதனோடு மல்லுக்கட்டுகிறதோ அதை மாற்றினால் கதை போய்விடும். ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லி 2004இலும் 2006இலும் வெளியிட்ட இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

முதலாவது ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’. டயானா வின் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1986இல் வெளியிட்ட நாவல். ஹௌல் என்ற மந்திரவாதியின் நகரும் கோட்டைக்கு வந்து சேரும் சோஃபி என்ற பெண்ணின் கதை. படத்தை முதலில் மமோரு ஹோசோடா இயக்குவதாக இருந்தது. அவர் விலகிய பிறகு ஜிப்லியின் இயக்குநர் ஹயாவோ மியாசாகி கையில் எடுத்தார். அவர் செய்த மாற்றங்களை எண்ணி மாளாது. நாவலில் பின்னணியில் எட்டிப்பார்க்கும் போர், படத்தில் ஊர்களையே எரிக்கிறது. ஹௌலின் பதினைந்து வயது சீடன் மைக்கேல் சின்னப் பையன் ஆகிவிடுகிறான். கடைசிவரை ஆபத்தானவளாக இருக்கும் பாழ்நிலச் சூனியக்காரி, படத்தில் பாதியிலேயே சக்தியெல்லாம் இழந்து, ஊட்டிவிட ஆள் தேவைப்படும் கிழவியாக ஹௌலின் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். கோட்டைகூட வேறு. நாவலில் அது கறுத்து உயர்ந்த, புகை கக்கும் கோபுரங்கள். படத்தில் பறவைக் கால்களோடு நடக்கும் இரும்புக் குவியல்.

இவ்வளவு மாற்றிய பிறகும் அது சோஃபியின் கதையாகவே இருக்கிறது. தொப்பிக் கடையில் வேலை செய்யும் இந்தப் பெண், மூன்று சகோதரிகளில் மூத்தவள். மூத்தவளுக்கு நல்லது எதுவும் நடக்காது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டவள். அந்தச் சூனியக்காரியின் சாபத்தால் அவள் தொண்ணூறு வயதுக் கிழவி ஆகிறாள். நாவலில் ஓரிடத்தில் ஹௌல் சொல்வதை நான் மறப்பதே இல்லை. சாபத்தை நீக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை, நீயே இந்த வேஷத்தை விரும்புகிறாய் என்ற முடிவுக்கு வந்தேன் என்கிறான். முதுமை அவளுக்கு ஓர் ஒளிவிடம். கிழவியாக இருந்தால் யாரும் அழகை எதிர்பார்க்க மாட்டார்கள், வாய்க்கு வந்ததைப் பேசலாம், பயப்பட எதுவும் இல்லை.

மியாசாகி இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். படம் முழுக்க சோஃபியின் வயது ஏறி இறங்குகிறது. தூங்கும்போது அவள் இளம்பெண். அரண்மனையில் அரசரின் மந்திரவாதியான சுலிமான் முன்னால் ஹௌலுக்காகத் தைரியமாக வாதாடும்போது கூன் நிமிர்கிறது, சுருக்கங்கள் மறைகின்றன. “நீ அவனைக் காதலிக்கிறாய்” என்று சுலிமான் சொன்ன உடனே மறுபடி கிழவி. பூக்கள் நிறைந்த புல்வெளியில், தான் அழகில்லை என்ற பழைய எண்ணம் தலைகாட்டியதும் முதுமை திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது. இதை யாரும் வசனத்தில் விளக்குவதில்லை. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் இதற்கு ஒப்பனையும் கிராஃபிக்ஸும் வேண்டும், நம் கவனம் அதிலேயே போய்விடும். ஒவ்வொரு முகத்தையும் எப்படியும் வரைந்தே ஆக வேண்டிய அனிமேஷனில் இருபது வயதும் தொண்ணூறு வயதும் அடுத்தடுத்த கோடுகள்தான். ஜப்பானிய மொழியில் இரண்டு வயதுகளுக்குமே சியேகோ பைஷோ ஒருவரே குரல் கொடுத்தார். அதனால் காதுக்கு அவள் எப்போதும் ஒரே சோஃபி.

இழப்புகளும் உண்டு. நாவலில் சோஃபிக்கே மந்திர சக்தி இருக்கிறது, தொப்பியிடமும் கைத்தடியிடமும் பேசிப் பேசியே அவற்றுக்கு உயிர் கொடுப்பாள். படத்தில் அது ஏறக்குறைய இல்லை. அப்புறம் வேல்ஸ். கோட்டைக் கதவின் குமிழை எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அதற்கேற்ப அது வேறு வேறு இடங்களில் திறக்கும், அதில் ஒரு நிறம் நம் உலகத்து வேல்ஸில், பிரிட்டனின் ஒரு பகுதியில், திறக்கும். அங்கே ஹௌலின் அக்கா குடும்பம், கம்ப்யூட்டர் விளையாட்டில் மூழ்கிய பையன் எல்லாம் வருவார்கள். மாபெரும் மந்திரவாதி என்று எல்லோரும் நடுங்கும் ஆள், அக்காவிடம் திட்டு வாங்கும் தம்பியாக நிற்பான். படத்தில் அந்தக் கதவு போரின் இருட்டுக்குள் திறக்கிறது. ஈராக் போர் மீது மியாசாகிக்கு இருந்த கோபம் இந்தப் படத்துக்குள் வந்தது என்பது அவரே பேட்டிகளில் சொன்னது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேல்ஸ் போனதில் எனக்கு வருத்தம்தான். ஜோன்ஸுக்குப் படம் பிடித்திருந்தது. மியாசாகியைப் போலவே அவரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குழந்தையாக இருந்தவர். அதே அனுபவத்திலிருந்து தான் போரை எழுதாமல் விடும் பக்கமும் மியாசாகி அதைக் காட்டும் பக்கமும் போனதாக அவர் சொல்லியிருக்கிறார்.

சரி, இப்போது 2006இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ’. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற கற்பனை உலகத்து நாவல்களைப் படமாக்க ஹயாவோ மியாசாகி 1980களிலேயே அனுமதி கேட்டிருந்தார். அவருடைய படங்களை அப்போது அறியாத லெ குவின் மறுத்துவிட்டார். பின்னாளில் ஹயாவோவின் ‘டோட்டோரோ’ படத்தைப் பார்த்து மனம் மாறி அனுமதி கொடுத்தபோது, படத்தை இயக்கியது மகன் கோரோ மியாசாகி. அவருக்கு அதுவே முதல் படம். பல நாவல்களிலிருந்து பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்துக் கலந்திருந்தார்கள். உழும் காட்சிகளும் துறைமுக நகரமும் உண்மையிலேயே அழகு.

ஆனால் எர்த்சீயின் முதல் நாவலில், கெட் என்ற இளம் மந்திரவாதி தன் கர்வத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் விடுகிறான். கடல் கடந்து அதைத் துரத்திப்போய் தன் சொந்தப் பெயரையே சொல்லி அதை அழைக்கிறான், அதோடு ஒன்றாகிறான். அவனை வெளியிலிருந்து யாரும் காப்பாற்ற முடியாது, கொல்வதற்கு எதிரியும் கிடையாது. படத்தில் இளவரசன் அரென் ஆரம்பத்திலேயே தந்தையைக் கத்தியால் குத்துகிறான். ஏன் குத்தினான் என்பதற்குப் பிடிமானமான பதில் இல்லை. முடிவில் கோப் என்ற மந்திரவாதி அழிந்ததும் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. தீமையை ஒரு வில்லன் தலையில் கட்டி, அவனைக் கொன்று பிரச்சினையை முடித்துவிட்டார்கள் என்று லெ குவின் எழுதினார். அவர் கோரோவிடம் நேரில் சொன்ன பதில் இன்னும் நிதானமானது: இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம்.

நீங்கள் இரண்டையும் இன்னும் தொடவில்லை என்றால் ஒரு யோசனை. ஹௌலுக்குப் படத்தை முதலில் பாருங்கள். வேல்ஸ் வரும் பக்கங்கள் புத்தகத்தில் புதுசாகக் காத்திருக்கும். எர்த்சீக்கு மட்டும் புத்தகத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.