தேய்வது எது, கிழிவது எது: மாற்று இதய வால்வின் ஆயுள்

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது, கொத்தனார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். உலோக வால்வா, திசு வால்வா என்று வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உலோகம் நாளடைவில் தேய்ந்துவிடாதா? கல், மண் தூக்கினால் வால்வு உடையுமா? திசு வால்வு எத்தனை வருஷம் வரும்?

பதில்: முடிவை டாக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். வால்வுகளைச் சோதிக்கும் பொறியியல் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வால்வு தாங்கும் சுமையைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1 லட்சம், வருஷத்துக்கு 3.7 கோடி முறை வால்வு திறந்து மூடுகிறது. அதற்குப் பாடு திறக்கும்போது இல்லை, மூடி நிற்கும்போதுதான். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மூடியிருப்பது இடது கீழறை முழுபலத்தோடு அழுத்தும் நேரத்தில். பிரஷர் 120 என்று வைத்துக்கொண்டால், 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 900 கிராம் எடைக்குச் சமம். இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள அயோர்ட்டிக் வால்வோ இதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் மூடி நிற்கிறது. அங்கே அழுத்தம் 80 அளவில்தான், வால்வும் சிறியது. 21 மில்லிமீட்டர் வால்வுக்குக் கணக்குப் போட்டால் 400 கிராம்கூட வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் திசு வால்வு வைத்துப் பல வருஷம் நன்றாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால், எந்த இடத்து வால்வு, அப்போது அவருக்கு என்ன வயது என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரைவிட இந்த இரண்டும்தான் ஆயுளை அதிகம் தீர்மானிக்கின்றன.

உலோக வால்வு என்று சொல்கிறோமே தவிர, இன்று பரவலாக வைக்கப்படும் இரட்டை இதழ் வால்வில் இதழ்கள் உலோகமே இல்லை. பைரோலிடிக் கார்பன் என்ற, வழவழப்பான, மிகக் கடினமான கார்பன். இந்த வகை 1977 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கடினமாக இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டு வால்வை உருவாக்கியபோது, ஒரு மாதிரியில் திறந்து மூடும் தகட்டை நீலக்கல் படிகத்தில் செய்து பார்த்தார்கள். தேய்மானமே இல்லாத பொருள், ஆனால் விலங்குச் சோதனையில் தகடு உடைந்தது. கடைசியில் தேறியது கோபால்ட் கலவைச் சட்டத்துக்குள் ஆடும் ஒரு பிளாஸ்டிக் தகடு! அந்தத் தகடு துடிப்புகளுக்கிடையே மெல்லச் சுழல்வதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் விளிம்பு முழுக்கப் பரவுகிறது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இந்த சித்ரா வால்வு இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் உலோக வால்வு உடைந்ததே இல்லையா? உடைந்திருக்கிறது. ஷைலி நிறுவனத்தின் பியார்க்–ஷைலி குழி-குவி வகை வால்வு 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. அதில் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். உங்கள் அண்ணனுக்குக் கட்டுக்கம்பி தெரியும்: ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால், இழுத்தால் அறாத கம்பியும் பட்டென்று ஒடிந்துவிடும். அந்தப் பற்றவைப்புக்கும் அதே கதிதான். வளையம் ஒடிந்து தகடு நழுவியதில் 600க்கும் மேற்பட்ட வால்வுகள் போயின; அவற்றை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1986இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். இன்றைய விதிப்படி இயந்திர வால்வு சோதனை எந்திரத்தில் 40 கோடி முறை திறந்து மூட வேண்டும், அதாவது பத்து வருஷத் துடிப்பு. திசு வால்வுக்கு 20 கோடி. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள், இரண்டிடமும் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எனவே தேய்மானத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். உலோக வால்வின் உண்மையான ஆபத்து ரத்தம் அதில் உறைந்து இதழ் சிக்கிக்கொள்வது. அதற்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுக்க, ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மைட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை) அளவு பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் உலோக வால்வுக்கு உதவாது. சோதித்துப் பார்த்து, ஆபத்து என்று கைவிட்டார்கள். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கமும் கூடாது. கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளியும் இல்லை என்று மாற்றாமல் இருந்தால் சரி.

பளு தூக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அறுவைக்குப் பிறகு பிளந்த நெஞ்செலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கனமாக எதுவும் தூக்கக் கூடாது. அப்புறம் டாக்டர் அனுமதித்தால், பளுவால் வால்வு உடையும் என்ற பயம் வேண்டாம். என் பயம் சாரத்தைப் பற்றித்தான். மாத்திரை சாப்பிடுபவர் உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போகும் காயம் உயிருக்கே ஆபத்தாகலாம். மேலே ஏறாத வேலைக்கு மாற வழியிருக்கிறதா என்பதையும் வீட்டில் பேசுங்கள்.

திசு வால்வு பன்றியின் வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்வது. குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தியதும் அதிலுள்ள செல்கள் செத்துவிடுகின்றன. நம் சொந்த வால்வில் சின்னச் சேதத்தைச் சரிசெய்ய உயிருள்ள செல்கள் உண்டு; இதில் கிடையாது. இதழ் சட்டத்தின் தூணோடு சேரும் மூலையில்தான் இழுவிசை அதிகம். அங்கே நார்கள் ஒவ்வொன்றாக நைந்து கிழிகின்றன. வளையும் இடங்களில் கால்சியம் படிந்து இதழ் விறைத்துப்போகிறது, விறைத்த இதழ் இன்னும் சீக்கிரம் கிழிகிறது. இளவயதில் கால்சியம் படிவது வேகமாக நடக்கும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் அப்படியே. 70 வயதுக்காரருக்கு அது மிச்ச ஆயுளுக்கும் போதுமானதாக இருக்கலாம். 46 வயதில், அதுவும் மைட்ரல் இடத்தில், பத்து வருஷத்தை ஒட்டி இன்னொரு அறுவை வரும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் வால்வின் சுமை குறையும். நம் கையில் இருப்பதில் அதுவும் ஒன்று.

இந்த வயதில், இந்த இடத்துக்கு, உலோகம்தான் பொதுவான பரிந்துரை. நானும் அந்தப் பக்கமே சாய்வேன், ஆனால் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதாமாதம் போக முடியும் என்றால் மட்டும். போக மாட்டார், மாத்திரையை மறப்பார் என்று உங்களுக்கே தெரிந்தால் திசு வால்வுதான் பாதுகாப்பு.

டாக்டரிடம் கேட்க இரண்டு கேள்விகள். அண்ணனின் இதயத் துடிப்பு ஏற்கெனவே ஒழுங்கில்லாமல் இருக்கிறதா? ருமாட்டிக் மைட்ரல் நோயில் இது சகஜம். இருந்தால் திசு வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தொடர வேண்டியிருக்கும், அப்போது திசுவின் பெரிய அனுகூலமே போய்விடும். அடுத்தது, திசு என்று முடிவானால், என்ன அளவு வால்வு பொருந்தும்? பின்னால் நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புதியதைச் செருக முடியும். ஆனால் முதல் வால்வு சிறியதாக இருந்தால் உள்ளே செருகும் புதிய வால்வின் வழி இன்னும் குறுகும்.