ஒரு குளம்பு செங்குத்தாக நிற்கும் குதிரைக் குட்டியைப் பாதி விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் ராகியும் தீவனச் சோளமும் பயிரிடுகிறேன், இரண்டு குதிரைகளைத் திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு அனுப்புகிறேன். 14 மாத மார்வாரி இனப் பெண் குதிரைக் குட்டி ஒன்று விலைக்கு வந்துள்ளது. சுழி சுத்தம். முன் வலக் குளம்பு மட்டும் குறுகிச் செங்குத்தாக இருக்கிறது. அந்தக் கால் கணுவுக்குக் கீழே சற்று உள்நோக்கியும் திரும்பியுள்ளது. லாடம் அடித்தால் நேராகிவிடும் என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஊர்வலத்துக்கு என்றால் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிக் குறைகள். விற்பவர் இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொல்கிறார்.

கால் திரும்பியிருப்பது எலும்பு வளர்ந்த விதத்தால் வந்தது. கணுவுக்கு மேலுள்ள நீள எலும்பின் கீழ்முனை, குட்டி பிறந்த முதல் மூன்று மாதங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுவதால், கணுவளவில் உள்ள கோணலைக் குளம்பு சீவித் திருத்தும் காலம் இந்தக் குட்டிக்கு எப்போதோ கடந்துவிட்டது. இப்போது ஒரு பக்கத்தை மட்டும் அதிகமாகச் சீவினால், குளம்பு பார்வைக்கு நேராகத் தெரியும். ஆனால் மூட்டின் ஒரு பக்கம் கூடுதலாக நெரியும்.

செங்குத்துக் குளம்போ தசைநாணைச் சார்ந்தது. காலின் பின்புறம் இறங்கிக் குளம்பெலும்பைப் பற்றும் தசைநாண் எலும்பின் நீளத்துக்கு ஈடாக நீளாதபோது, குதிகால் உயர்ந்து குளம்பு நிமிர்கிறது. முன்குளம்பின் முகப்பு தரையோடு ஏறக்குறைய 50 முதல் 55 பாகைக் கோணத்தில் சாய்ந்திருப்பது வழக்கம்; 60-ஐத் தாண்டினால் குறை என்றே கொள்ளலாம். குட்டியைச் சிமெண்டுத் தரையில் நிறுத்திக் குளம்பின் மேலோடும் வரிகளைப் பாருங்கள். அவை முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருந்தால் இது நாள்பட்ட குறை. முகப்பு நடுவில் குழிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். விற்பனைக்கு முன் அரத்தால் அராவி அந்தக் குழிவை மறைப்பவர்கள் உண்டு. ஆகவே புதிதாக அராவிய குளம்பை நம்பாமல், நான்கு வாரம் வளரவிட்டுப் பார்ப்பது நல்லது. சுழியை அத்தனை கவனமாகப் பார்த்த நீங்கள் இதையும் பார்த்திருக்கலாம் என்பது என் சிறு வருத்தம்.

தசைநாணைத் தாங்கும் இணைப்பு நாரை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை உண்டு. ஒரு வயதுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். லாடத்தாலும் சீவலாலும் குறையைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, போக்க முடியாது. உயர்ந்த குதிகாலை ஒரே மூச்சில் வெட்டித் தாழ்த்தினால் தசைநாண் இழுபட்டு நொண்டல் வரும். நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டும். அந்தச் செலவு குதிரை உள்ள வரை தொடரும். குறுகிய குளம்பின் அடியில் பள்ளம் ஆழமாக இருப்பதால், மழை மாதங்களில் சேறு தங்கி அழுகல் நோய் பிடிப்பதும் எளிது.

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. மாப்பிள்ளையைச் சுமந்து, மேளச் சத்தத்துக்கிடையே தார்ச் சாலையில் மணிக்கணக்காக நிற்பதை இந்த வலக்கால் நெடுநாள் தாங்காது. இனவிருத்திக்கும் வேண்டாம், இந்தக் குறைகள் வழிவழியாக வரக்கூடியவை.

தோட்டத்து மண்ணில் பிள்ளைகள் ஏறிப் பழக மட்டும் என்றால், ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ குதிரை மருத்துவரிடமோ குளம்பையும் கணுவையும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று வயதுக்கு முன் முதுகில் எவரையும் ஏற்ற வேண்டாம். எந்தக் குட்டியை வாங்கினாலும், கிளாண்டர்ஸ் (குதிரைகளிடையே பரவி மனிதருக்கும் தொற்றக்கூடிய கொடிய நோய்) இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்று கைக்கு வரும் வரை அதை உங்கள் லாயத்துக்குள் விடாதீர்கள்.