ஆகனுக்கு வரும் தங்கைக்கு: எந்த நிகழ்ச்சிக்குப் போவது, எதை விடுவது?

தங்கை, இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறீர்கள். வரும் அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்துக்கு முதுநிலை படிக்க வருகிறீர்கள். நம் ஊர் போலக் கலைவிழாக்கள் உண்டா, மாணவர்களுக்கு என்னென்ன நிகழ்ச்சிகள் நடக்கும், மது அருந்தாதவர் அவற்றுக்குப் போனால் சங்கடமா, ஜெர்மன் அரைகுறையாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்களா, இதிலெல்லாம் இறங்கினால் படிப்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: பத்து வருடம் பரதம் ஆடியிருக்கிறேன், சலங்கையைக் கொண்டு வரலாமா?

நம் ஊர்க் கலைவிழா இங்கே கிடையாது. மூன்று நாள் வகுப்பை நிறுத்திவிட்டு, விளம்பரதாரர் பெயர் போட்ட மேடை கட்டி, பக்கத்துக் கல்லூரிகளை எல்லாம் அழைத்து நடத்தும் விழாவை இங்கே தேடாதீர்கள். மதில் சுவரும் வாயிற்காவலரும் உள்ள வளாகமே இங்கு இல்லை. 1870-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் ஊருக்குள் கடைகளோடும் வீடுகளோடும் கலந்து கிடக்கின்றன. நிகழ்ச்சிகளும் அப்படித்தான் சிதறிக் கிடக்கும். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், துறை மாணவர் மன்றத்தின் மின்னஞ்சலில் ஒரு வரி, விடுதி மின்தூக்கியில் ஒட்டிய ஒரு சீட்டு. யாரும் வந்து கையைப் பிடித்து அழைக்க மாட்டார்கள். அழைக்காததை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்துவிட்ட நம் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதுவே அழைப்பு. உள்ளே போய் "ஹலோ" சொன்னால் போதும்.

காலக்கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்கால செமஸ்டர் காகிதத்தில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி தொடக்கம் வரை நடக்கும். தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். அதாவது அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை உங்கள் கையில் மூச்சுவிடும் காலம் இருக்கிறது. ஊர் சுற்றுவதும் ஆட்களைப் பழகுவதும் அந்த இரண்டு மாதங்களில் நடந்துவிட வேண்டும். ஜனவரி பிறந்ததும் நூலகத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடாகிவிடும். படிப்பு கெடுமா என்ற கேள்விக்கும் இதுதான் என் பதில். நவம்பரில் கூட்டத்தோடு இருந்ததால் தேறாமல் போனவர் எவரையும் எனக்குத் தெரியாது. நவம்பர் முழுக்கத் தனியாக இருந்து, ஜனவரியில் எந்தப் பாடத்துக்கும் துணைக்கு ஆளில்லாமல் திண்டாடியவர்களைத் தெரியும்.

முதல் வாரத்தில் போக வேண்டிய இடம் உங்கள் துறையின் ஃபாக்ஷாஃப்ட். துறை மாணவர் மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்குக் காலை உணவு, குழுக்களாகப் பிரிந்து ஊரைச் சுற்றும் போட்டி, மாலையில் மதுக்கூடங்களைச் சுற்றும் உலா என்று அவர்களே நடத்துவார்கள். பழைய வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும், எந்தப் பாடத்தைத் தள்ளிப்போடலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். விசா தாமதமாகி அக்டோபர் கடைசியில் வந்து சேர்ந்தாலும் கவலைப்படாதீர்கள். மன்றத்தின் அறை செமஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும், காபியும் இருக்கும்.

மதுக்கூட உலாவை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது. "ஆப்ஃபெல்ஷோர்லே" என்று ஆப்பிள் சாற்றில் சோடா கலந்த பானம் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் இரவு முழுக்க யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஜெர்மானிய மாணவர்களிலேயே குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதரைக்குக் கிளம்புகிறேன் என்றால் "சரி, நாளை பார்க்கலாம்" என்பார்களே தவிர வற்புறுத்த மாட்டார்கள். நம் ஆட்கள் கூடும் விருந்துகளில்தான் "ஒரே ஒரு வாய்" என்ற தொந்தரவு அதிகம் என்பது என் அனுபவம்.

கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் "பிபடி" என்ற திட்டத்தை நடத்துகிறது. புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஏற்கெனவே இங்கே படிக்கும் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் பெயர் கொடுத்துவிடுங்கள். நகராட்சியில் முகவரி பதிவது, வங்கிக் கணக்கு, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒருவர் உதவுவார். பொன்ட்ஷ்ட்ராஸெ தெருவில் ஹம்போல்ட் ஹவுஸ் என்றொரு வீடு இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களுக்கான சந்திப்பு இடம். மொழி பழகும் மாலைகளும் ஒவ்வொரு நாட்டு மாணவர்களும் தங்கள் உணவையும் ஆட்டத்தையும் காட்டும் இரவுகளும் அங்கே நடக்கும். அரைகுறை ஜெர்மனோடு போய் உட்கார அதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை, ஏனென்றால் அங்கே எல்லாருடைய ஜெர்மனும் அரைகுறைதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இருபது நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை போய்வருவதைவிட, வாரா வாரம் ஒரே நாளில் ஒரே ஆட்களோடு நடக்கும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விருந்தில் பார்த்துச் சிரித்த ஜெர்மானியர் மறுநாள் டிராமில் உங்களைக் கண்டால் தலையசைப்பாரா என்பது சந்தேகம் என்று வேறு ஊரில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆகனில் டிராமே இல்லை, பஸ்தான், ஆனால் நிலைமை அதேதான். ஆறு வாரம் பக்கத்தில் நின்று பூப்பந்து ஆடியவர் ஏழாவது வாரம் நீங்கள் வராவிட்டால் என்னாயிற்று என்று செய்தி அனுப்புவார். இங்கே நட்பு இப்படித்தான் விளைகிறது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் வெளியே கிளம்ப ஒரு கட்டாயம் தேவை.

அதற்கு முதல் வழி ஹோக்ஷூல்ஸ்போர்ட், அதாவது பல்கலைக்கழக விளையாட்டு. நீச்சல், பாறையேற்றம், யோகா, சல்சா, படகு, குத்துச்சண்டை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். மாணவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, வெளியே தனியார் வகுப்பில் கேட்கும் தொகையோடு ஒப்பிடவே முடியாது. சிக்கல் பதிவு செய்வதில் இருக்கிறது. இணையத்தில் பதிவு திறக்கும் நாளும் மணியும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த மணி அடித்த சில நிமிடங்களில் நல்ல வகுப்புகள் நிரம்பிவிடும். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுத்த அனுபவம் நமக்கு உண்டல்லவா, அதே சாமர்த்தியத்தைக் காட்டுங்கள்: முன்பே கணக்குத் தொடங்கி, வங்கி எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது மூன்றாவது விருப்பங்களையும் குறித்துக்கொண்டு உட்காருங்கள். தவறிப்போனால் சோர்ந்துவிட வேண்டாம். மூன்றாவது வாரத்துக்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள், பயிற்சியாளரை நேரில் கேட்டுப் பாருங்கள். கோடையில் இதே பல்கலைக்கழக விளையாட்டு மையம் லூஸ்பெர்க் குன்றைச் சுற்றி ஐந்தரை கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடத்தும். வேகம் முக்கியமில்லை, ஊரே திரண்டு நின்று கைதட்டும்.

இரண்டாவது வழி, இயந்திரப் பொறியியல் படித்த உங்களுக்கென்றே இருப்பது: மாணவர் தொழில்நுட்பக் குழுக்கள். எக்யூரி எக்ஸ் குழு 1999 முதல் பந்தயக் கார் கட்டுகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஹாக்கன்ஹைம் ஓடுதளத்தில், மாணவர்கள் கட்டிய கார்களுக்கான ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டி நடக்கும். சோனன்வாகன் குழு சூரியசக்திக் கார் செய்து, 2017-இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் போட்டிக்குப் போனது, அதன்பிறகும் தொடர்கிறது. 1920-இல் தொடங்கிய எஃப்.வி.ஏ. என்ற விமான மாணவர் சங்கத்தில் கிளைடர் விமானங்களை மாணவர்களே வடிவமைத்துக் கட்டிப் பறக்கிறார்கள். பட்டறையில் உழைத்தால்தான் பறக்கும் வாய்ப்பு வரும், சும்மா ஏறி உட்கார முடியாது. செமஸ்டர் தொடக்கத்தில் இவர்கள் எல்லாரும் புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டம் வைப்பார்கள். கூட்டம் ஜெர்மனில் நடக்கும். பட்டறைக்குள் போய்விட்டால் முறுக்குவிசையும் வெல்டிங்கும் பொதுமொழி.

ஒரு எச்சரிக்கை: பந்தயக் கார் குழு உங்கள் செமஸ்டரையே விழுங்கிவிடக்கூடியது. இரவு இரண்டு மணிக்குக் கார்பன் இழை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் செமஸ்டரில் கூட்டத்துக்குப் போங்கள், பாருங்கள், சிறு பொறுப்பாக எடுங்கள். முழுதாகக் குதிப்பதை இரண்டாவது செமஸ்டரில் யோசிக்கலாம். ஆனால் வேலைக்கான நேர்காணலில் உங்கள் மதிப்பெண்ணைப் பற்றி இரண்டு நிமிடமும் இந்தக் குழு வேலையைப் பற்றி இருபது நிமிடமும் பேசுவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வேலை என்றதும் நினைவுக்கு வருகிறது. "பாண்டிங்" என்ற மாணவர் அமைப்பு 1988-இல் இந்த ஆகனில்தான் பிறந்தது. குளிர்கால செமஸ்டரில் அவர்கள் நடத்தும் நிறுவனச் சந்தைக்கு அனுமதி இலவசம். முதல் ஆண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். வேலை கேட்காமல், உங்கள் நிறுவனத்தில் முதுநிலை ஆய்வேடு செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். பை நிறையப் பேனாவும் துணிப்பையும் வாரிக்கொண்டு திரும்பும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஐந்தே நிறுவனங்களோடு பேசிவிட்டு வந்தால் போதும்.

சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியவையும் உண்டு. நவம்பரில் "பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்" என்ற பெயரில் அறிவியல் இரவு நடக்கும். பேராசிரியர்கள் ஊர் மக்களுக்கு வெடியும் புகையுமாக வித்தை காட்டுவார்கள், அனுமதி இலவசம். குளிர்காலத்தில் துறைகளுக்கிடையே பனிவளைகோல் பந்தாட்ட (ஐஸ் ஹாக்கி) கோப்பை உண்டு. மருத்துவத் துறைக்கு எதிராக உங்கள் துறை ஆடும்போது நீங்கள் கத்தியே ஆக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்பு பெரிய விரிவுரை அரங்கில் 1944-ஆம் ஆண்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையிடுவார்கள். மாணவர்கள் அலாரம் கடிகாரமும் கைவிளக்கும் மத்தாப்பும் கொண்டுவந்து குறிப்பிட்ட காட்சிகளில் அடிப்பதும் கொளுத்துவதுமாக இருப்பார்கள். படம் புரியாவிட்டாலும் போங்கள், முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கூச்சல் அந்நியமாக இருக்காது. கார்னிவல், அதாவது வேடமிட்டுக் கொண்டாடும் தெருவிழா, தேர்வுக் காலத்தில் வந்து தொலைக்கும். அது தொடங்கும் வியாழக்கிழமை பெண்கள் ஆண்களின் டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. அறிவிப்பில் மணிக்குப் பின்னால் "சி.டி." என்றிருந்தால் கால்மணி நேரம் கழித்துத் தொடங்கும். "எஸ்.டி." என்றிருந்தால் சரியாக அந்த மணிக்கே தொடங்கிவிடும்.

நம்மவர் நிகழ்ச்சிகளும் நடக்கும். இந்திய மாணவர்கள் சேர்ந்து தீபாவளி கொண்டாடுவார்கள், பொங்கலுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் குக்கரிலாவது பொங்கல் வைப்பார்கள். போங்கள், ஊர் நினைப்பு தீரும். வாரத்தின் ஏழு நாளும் அந்த வட்டத்திலேயே இருந்துவிட்டால் இரண்டு ஆண்டு கழித்தும் ரொட்டிக் கடையில் விரலால் காட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த வட்டத்துக்கு வெளியே இன்னொரு தமிழ் உலகம் இருக்கிறது, அதை நம் மாணவர்கள் பலர் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கட்டும் 300 யூரோவுக்கு மேற்பட்ட செமஸ்டர் கட்டணத்தில் நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் போக டிக்கெட்டும் அடங்கும். ஆகன் நிலையத்தில் ஆர்.இ.1 என்ற வட்டார ரயிலில் ஏறினால் கொலோன், டியூசல்டார்ஃப், டார்ட்மண்ட் வழியாக நேராக ஹாம் நகரில் இறக்கிவிடும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், தாமதம் தனிக்கணக்கு. அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப் போனால் ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா, பல்லாயிரம் பேர் கூடுவார்கள், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில். போர் துரத்தி வந்து, மொழி தெரியாமல் உணவகங்களில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் பல அங்கே வரும். கல்விக் கடனும் விசாவுமாக வந்த நாம் அவர்களிடம் அடக்கத்தோடு பேச வேண்டும். மற்றபடி சோறு போடாமல் அனுப்ப மாட்டார்கள். அந்த டிக்கெட் ஐ.சி.இ. விரைவு ரயிலில் செல்லாது, மறந்து ஏறி அபராதம் கட்டாதீர்கள்.

சலங்கையைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், கைப்பையில் வையுங்கள். ஹம்போல்ட் ஹவுஸில் நடக்கும் அந்த நாட்டு இரவுகளில் ஆட ஆள் கிடைக்காமல் திரைப்படப் பாட்டுக்கு ஆடி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அறைக்குள் கட்டிக்கொண்டு ஆட முடியாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையிலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது, கீழ்வீட்டுக்காரர் முதல் நாள் கதவைத் தட்டுவார், இரண்டாம் நாள் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதுவார். இங்குள்ள மாணவர் விடுதிகள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் பொதுக்கூடம் உண்டு. விடுதி மாணவர் பிரதிநிதியைக் கேட்டு வாரம் ஒரு மாலை ஒதுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் கற்றுக்கொள்ள வருகிறோம் என்பார்கள், உங்கள் வாராந்தர நிகழ்ச்சி அதுவாகவே அமைந்துவிடலாம். கூடவே, தரையில் கறை பதிக்காத அடிப்பாகம் கொண்ட, வெளியே போடாத சுத்தமான விளையாட்டுக் காலணி ஒரு ஜோடியும் எடுத்துவையுங்கள். அது இல்லாமல் விளையாட்டுக் கூடத்துக்குள் விட மாட்டார்கள்.