மரம் இழுக்கும் யானைகளுக்கு வயிற்றுப் புழு எவ்வளவு ஆபத்து? சினை யானைக்குக் கூடுதல் ஆபத்தா?

யானை லத்தியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவன் என்பதால் எழுதுகிறேன்.

காட்டில் மேயும் யானை என்றால் வயிற்றில் புழு இருக்கத்தான் செய்யும். உருண்டைப்புழுக்கள் கொஞ்சம் இருந்தால் யானை பொருட்படுத்தாது. நான் பயப்படுவது கல்லீரல் தட்டைப்புழுவுக்கு. நத்தைகள் உள்ள ஈரநிலத்தில் மேயும்போது தொற்றும். ரத்தசோகை, வயிற்றுப்போக்கு, அடிவயிற்றில் நீர் கோத்த வீக்கம், அப்புறம் எலும்பு தெரிய மெலிந்துவிடும்.

தரையில் படாத நடுலத்தியை எடுத்து உப்புக் கரைசலில் கலக்கினால் உருண்டைப்புழு முட்டைகள் மிதந்து மேலே வரும். தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் தங்கிவிடும். மேலே மட்டும் பார்த்துவிட்டு 'புழு இல்லை' என்று எழுதித் தருகிறவர்கள் உண்டு. அடி வண்டலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சினை விஷயம். இதற்கு நல்ல சான்று மியான்மரில் கிடைக்கிறது. அங்கே அரசின் தேக்கு வேலை யானைகளைப் பகலில் மரம் இழுக்கவிட்டு, இரவில் காட்டில் மேய விடுவார்கள். ஒவ்வொரு யானையின் பிறப்பு, குட்டிகள், நோய், சாவுக்கான காரணம் எல்லாம் தலைமுறைகளாகப் பதிவாகியிருக்கின்றன. அப்படி 4,000க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஒட்டுண்ணியால் இருக்கலாம் என்று கருதத்தக்க சாவுகள் இளசுகளிலும் கிழடுகளிலும் அதிகம். எல்லா வயதிலும் பெண்ணைவிட ஆணுக்கு ஆபத்து கூடுதல். ஆச்சரியம் பெண் யானைகளில்தான்: குட்டி ஈன்றவை இப்படிச் சாகும் வாய்ப்பு, ஈனாதவற்றைவிடக் குறைவு.

சுமார் 20 மாதம் சுமந்து, அதற்கப்புறம் பால் கொடுத்து உடம்பு ஓய்ந்த தாயைத்தானே புழு முதலில் சாய்க்க வேண்டும்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பேன். அதற்காக 'குட்டி போட்டால் புழு அண்டாது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திடமான உடம்புள்ள யானைதான் சினையே பிடிக்கும். நோஞ்சான் அந்தக் கட்டத்துக்கே வராது. புழுவையும் அதுதான் தாங்காது. இது என் கணிப்பு, ஆனால் மாடு வைத்திருக்கிற எவரும் ஒத்துக்கொள்வார்.

எனவே சினை பிடிக்காத யானைக்கு ஹார்மோன் ஊசி பற்றி யோசிக்கும் முன் லத்தியையும் உடல்வாகையும் பாருங்கள். மருந்து என்றால் ஃபென்பென்டசோல் உருண்டைப்புழுவுக்கு. தட்டைப்புழுவுக்கு வேறு மருந்து. எடையைக் குத்துமதிப்பாகப் போட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும். ராகிக் களிக்குள் வைத்துக் கொடுத்தால், விழுங்கும்வரை பாகன் பக்கத்திலேயே நிற்கட்டும். களியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பத் தெரிந்த ஆசாமிகள் அவை.