மாரிபோசா தோப்பில் தீ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மாரிபோசா தோப்பின் செக்வோயா மரங்களை அண்ணாந்து பார்த்தபோது எங்கள் யாருக்கும் பேச்சே வரவில்லை. 'கிரிஸ்லி ஜயண்ட்' என்ற மரத்துக்கு ஏறத்தாழ 3000 வயது என்றார்கள்.

ஆனால் திரும்பி வரும்போது மனம் சரியாக இல்லை. அங்கே பல மரங்களின் அடிப்பகுதி கரிந்திருந்தது. காட்டுத்தீயில் கரிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கிருந்த ரேஞ்சர் அம்மா, "சில இடங்களில் நாங்களேதான் தீ வைத்தோம், இனியும் வைப்போம்" என்று சாதாரணமாகச் சொன்னார். என் எட்டு வயது மகள், "இவங்கதானே காவல்? இவங்களே ஏன் கொளுத்துறாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

1864-லேயே லிங்கன் கையெழுத்திட்டுக் காப்பாற்றிய இடம் அது. 3000 வருடம் எவருடைய துணையும் இல்லாமல் நின்ற மரங்கள். அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிடுவதுதானே பாதுகாப்பு? மனிதன் கை வைத்து உருப்பட்ட காடு ஏதாவது உண்டா? இது ஆணவம் இல்லையா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: தீ வராவிட்டால் அந்தத் தோப்பில் குட்டி மரங்கள் முளைப்பது மிக அபூர்வம். அவளுக்கு இது போதும். உங்கள் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

செக்வோயாவின் காயைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா? அவ்வளவு பெரிய மரத்தின் காய் ஒரு கோழிமுட்டை அளவுதான். இறுக மூடிய செதில்களுக்கிடையே விதைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓட்ஸ் செதில் போலத் தட்டையாக, இருபுறமும் மெல்லிய சிறகோடு, ஊதினால் பறந்துவிடும் கனத்தில் இருக்கும். ஒரு கிலோ விதை வேண்டுமென்றால் சுமார் 2 லட்சம் விதைகளைச் சேர்க்க வேண்டும். காய் முற்றினாலும் விழாது. பச்சையாகவே 20 வருடம்கூடக் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும். டக்ளஸ் அணில் கடித்தாலோ, ஒருவகை வண்டு துளைத்தாலோ சில காய்கள் காய்ந்து திறக்கும். மொத்தமாகத் திறக்க வைப்பது தீயின் சூடு. கீழே தீ எரிந்து ஓய்ந்த சில நாட்களில் உச்சியிலிருந்து விதை மழையாகக் கொட்டும்.

கொட்டினால் மட்டும் போதாது. அத்தனை சிறிய விதையில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு சாண் சருகின் மேல் விழுந்தால், வேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். அதற்கு வெற்று மண் வேண்டும், தலைக்கு மேல் வெயில் வேண்டும். சருகை எரித்து மண்ணைத் திறப்பது தீ. நிழல் தரும் சிறு மரங்களைக் கொன்று வெளிச்சத்தை உள்ளே விடுவதும் தீதான். தாய்மரமோ இரண்டடி தடித்த பட்டைக்குள் பத்திரமாக நிற்கும். அந்தப் பட்டையில் எளிதில் பற்றும் பிசின் மிகக் குறைவு. நீங்கள் பார்த்த கரிந்த அடிமரங்களில் பெரும்பாலானவை உயிரோடு, வருடத்துக்கு ஒரு வளையம் போட்டுக்கொண்டு நிற்பவை.

இனி 1864-க்கு வருவோம். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்திட்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மாரிபோசா தோப்பும் எக்காலத்திலும் கைமாற்றப்படாத பொதுச்சொத்தாகக் கலிபோர்னியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. எனக்கு அந்தச் சட்டத்தின் மீது பெரும் மதிப்பு உண்டு. அதற்குப் பத்து வருடம் முன்பு இந்த மரங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் அதன் அருமை புரியும். 1853-ல் கலவராஸ் என்ற இன்னொரு செக்வோயாத் தோப்பில் ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். அறுக்கும் ரம்பம் எதுவும் அதன் பருமனுக்குப் போதாததால் துரப்பணத்தால் துளை மேல் துளையாகப் போட்டு, 22 நாள் பாடுபட்டுச் சாய்த்து, மிஞ்சிய அடிக்கட்டையைத் தளமாக்கி மேலே நடனமாடினார்கள். மறுவருடம் பக்கத்தில் 'வனத்தின் தாய்' என்று பெயர் பெற்ற மரத்தை, நின்ற நிலையிலேயே 116 அடி உயரம்வரை பட்டை உரித்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்சிக்கு வைத்தார்கள். மரம் பட்டுப்போனது. மனிதன் கை வைத்து உருப்படவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மாரிபோசா தோப்பின் முதல் காவலர் கேலன் கிளார்க். நுரையீரல் நோயால் சில மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் மலையேறி வந்தவர். 1857-ல் இந்தத் தோப்பைச் சுற்றிப் பார்த்து, எண்ணி, உலகுக்குச் சொன்னார். அதன்பின் 95 வயதுவரை வாழ்ந்தார். யோசெமிட்டியில் தனக்கான புதைகுழியைத் தானே தேர்ந்து, சுற்றிலும் செக்வோயாக் கன்றுகளையும் நட்டுவைத்தார். அவரைப் பற்றி நிறையச் சொல்லலாம்; இங்கே நமக்கு வேண்டியது, பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த ஒரு குறிப்பு. தான் முதலில் வந்தபோது யோசெமிட்டி பள்ளத்தாக்கு திறந்த வெளியாக இருந்தது, இளமரப் புதர் மண்டிக் கிடக்கவில்லை, பழங்குடிகள் தீ வைத்து அதை அப்படி வைத்திருந்தார்கள் என்கிறார் அவர்.

எவருடைய துணையும் இல்லாமல் நின்ற மரங்கள் என்கிறீர்களே, அதை இங்கேதான் மறுக்கிறேன். அந்த மலைச்சரிவில் மிவக் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்க, கூடை முடையும் குச்சிகள் நேராகத் துளிர்க்க, மான் மேயப் புல் வளர, அவர்கள் அளவாகத் தீ வைத்தார்கள். மின்னலும் தன் பங்குக்கு வைத்தது. செக்வோயாவின் ஆண்டு வளையங்களில் தீத்தழும்புகள் பதிந்திருக்கும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்வெட்னம் குழுவினர் மாரிபோசா உட்படச் சில தோப்புகளில், செத்து விழுந்த மரங்களிலும் அடிக்கட்டைகளிலும் அந்தத் தழும்புகளைப் படித்தார்கள். சிறு சிறு தீ ஒரு மனித ஆயுளுக்குள் பலமுறை தோப்புகளைக் கடந்து போயிருக்கிறது. சுமார் 1860-க்குப் பிறகு அது அறுந்துபோகிறது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். 1850-ல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் ஒன்று புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1851-ல் மாரிபோசா படைப்பிரிவு பள்ளத்தாக்குக்குள் புகுந்து, குடில்களையும் சேமித்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்து, அங்கிருந்த மக்களைத் துரத்தியது. பின்னால் மந்தை மந்தையாக வந்த ஆடுகள் தரையில் தீ பரவுவதற்கான புல்லையே தின்று தீர்த்தன. அதற்கும் பின்னால் வந்த காவலர்கள் மிக நல்ல எண்ணத்தோடு, எங்கே புகை எழுந்தாலும் ஓடிப்போய் அணைத்தார்கள். மரத்தை வெட்டுவதைத் தடுத்த அதே கைகள்தான் தீயையும் தடுத்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு வனவியல் படித்த எவரும் அதையேதான் செய்திருப்பார்கள்.

விளைவு கண்ணுக்குத் தெரிய நூறு வருடம் ஆனது. ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்ற ஆய்வாளர் மாரிபோசா தோப்பில் மனித நடமாட்டத்தின் பாதிப்பைத்தான் ஆராயப் போனார். கால் மிதியும் சாலையும் மரங்களுக்கு என்ன செய்கின்றன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஆனால் மிகப் பெரிய கெடுதலாக அவர் கண்டது தீ இல்லாமல் போனதை. செக்வோயாக் கன்றுகள் அருகிப்போயிருந்தன. நிழலிலும் வளரக்கூடிய வெள்ளை ஃபர் மரங்கள் இடுக்கெல்லாம் நெருக்கியடித்து நின்றன. 1964 முதல் அவரும் சகாக்களும் ரெட்வுட் மவுண்டன் தோப்பில் சிறு துண்டு நிலங்களில் தீ வைத்துப் பார்த்தபோது, எரிந்த மண்ணில் ஆயிரக்கணக்கில் செக்வோயாக் கன்றுகள் முளைத்தன. 1971-ல் மாரிபோசா தோப்பிலேயே பூங்காத்துறை திட்டமிட்ட எரிப்பைத் தொடங்கியது. உங்கள் ரேஞ்சர் அம்மா சாதாரணமாகச் சொன்னதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

அவற்றின் போக்கில் விட்டிருந்தால்? அதற்கும் விடை கிடைத்துவிட்டது, எழுதவே கை கூசுகிறது. தெற்கே, பல காலம் தீ படாத தோப்புகளில் 2020-ல் 'காசில்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ புகுந்தது. நூறு வருடச் சருகும் சுள்ளியும் கீழே. அதற்கு மேல் ஏணிப்படி போல ஃபர் மரங்கள். 2012 தொடங்கி நீண்ட வறட்சியில் செத்து நின்ற மரங்கள் வேறு. வெயிலும் முன்னைவிட ஏறிவிட்ட காலம். தரையில் தவழ வேண்டிய தீ ஃபர் மரங்களின் வழியே ஏறி செக்வோயாவின் உச்சியைப் பிடித்தது. பட்டை எத்தனை அடி தடித்திருந்தாலும் உச்சி கருகினால் மரம் பிழைக்காது. நான்கடிக்கு மேல் விட்டமுள்ள செக்வோயாக்களில் 7,500 முதல் 10,600 வரை அந்த ஒரே தீயில் செத்தன என்பது பூங்காத்துறையின் கணிப்பு. உலகில் இருக்கும் மொத்தத்தில் 10 முதல் 14 சதவீதம். அடுத்த வருடமே வேறு இரண்டு தீயில் மேலும் 2,261 முதல் 3,637 வரை. சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவைத் தவிர இந்த மரத்துக்கு உலகில் வேறு சொந்த இடம் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் வருடம் தீயோடு வாழப் பழகிய மரங்கள் இரண்டே கோடையில் போயின. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2022 ஜூலையில் உங்கள் மாரிபோசா தோப்பின் விளிம்பிலேயே வாஷ்பர்ன் தீ கிளம்பியது. கிரிஸ்லி ஜயண்டைச் சுற்றித் தெளிப்பான்கள் வைத்து ஈரப்படுத்தினார்கள், செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தைவிட முக்கியமானது, தீ தோப்புக்குள் வந்தபோது முன்பே பலமுறை எரிக்கப்பட்ட தரையில் அதற்குத் தீனி கிடைக்கவில்லை என்பது. வேகம் குறைந்து தரையோடு தவழ்ந்தது, அதனால் வீரர்கள் நெருங்கிப் போராட முடிந்தது. தீ மொத்தம் 4,800 ஏக்கருக்கு மேல் எரிந்தும் தோப்பின் 500 பெருமரங்கள் தப்பின. நீங்கள் பார்த்து நொந்துபோன கரியில் ஒரு பகுதிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆணவம் பற்றிய உங்கள் அச்சம் வீணான அச்சம் இல்லை. இதே தோப்பில் 1881-ல் வண்டி போவதற்காக ஒரு மரத்தைக் குடைந்தார்கள். 1969-ன் பனிப்பாரத்தில் அது விழுந்தது. கிரிஸ்லி ஜயண்டுக்குப் பக்கம்வரை வண்டிகள் போய்வந்தன, வேர்ப்பரப்பின் மேல் தார் கிடந்தது. 2015-ல் தோப்பை மூடி, கார் நிறுத்தத்தை வெளியே தள்ளி, தாரைப் பெயர்த்து, நீரோட்டங்களைத் திறந்துவிட்டு, 2018-ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். நீங்கள் பஸ்ஸில் போய் இறங்கி மரப்பாலங்களில் நடந்தது அதனால்தான். விலக வேண்டிய இடத்தில் விலகியதும் அதே துறைதான்.

இன்றைக்கு விவாதம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. தாய்மரங்களே செத்து, விதை கொட்ட ஆளில்லாமல் போன சில தோப்புகளில் நாற்று நட 2023-ல் பூங்காத்துறை முடிவெடுத்தது. காட்டியல்பு காக்கும் இயக்கங்கள் சில எதிர்த்தன. மனிதன் நட்டால் அது காடு ஆகாது, தோட்டம்தான் என்பது அவர்கள் தரப்பு. கிட்டத்தட்ட உங்கள் தரப்பு. கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கும் இடங்களில் அவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. அங்கே மண்வெட்டியோடு போகத் தேவையில்லை. ஆனால் கன்றும் இல்லை, விதைமரமும் இல்லை என்றால் நான் நடுபவர்களின் பக்கம். அந்த மரங்கள் செத்தது இயற்கையின் போக்கில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீயை நிறுத்தியதும், தீ வைக்கத் தெரிந்தவர்களைத் துரத்தியதும், வெயிலைக் கூட்டியதும் நாம். இத்தனைக்கும் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்கு ஆணவமாகத் தெரிகிறது.

டூலே ரிவர் பழங்குடியினரின் நிலத்தில் பிளாக் மவுண்டன் என்றொரு செக்வோயாத் தோப்பின் ஒரு பகுதி இருக்கிறது. தோப்புகளைப் பராமரிக்கும் அமைப்புகளின் கூட்டணியில் இன்று அவர்களும் ஓர் உறுப்பு; எங்கே, எப்போது எரிப்பது என்ற பேச்சில் அவர்கள் குரலும் இருக்கிறது. 170 வருடம் கழித்தாவது இது நடந்ததே என்று இருக்கிறது.

திட்டமிட்ட எரிப்பைப் பெரும்பாலும் கோடை தணிந்தபின், ஈரப்பதமும் காற்றும் பார்த்துத்தான் செய்வார்கள். மகளை மறுபடி கூட்டிப்போவதாக இருந்தால் இலையுதிர் காலத்தில் போய்ப் பாருங்கள், எரிப்பு நடந்துகொண்டிருந்தாலும் இருக்கும். அவளுக்கு மூச்சுத் தொந்தரவு ஏதும் இருந்தால் மட்டும், கிளம்புமுன் பூங்காவின் புகை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.