டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்? கேளுங்க, சொல்றேன்

31 வருஷம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், அதுல பாதிக்கு மேல ஓபியில தான். டாக்டர் உள்ள உக்காந்திருப்பார், நான் வாசல்ல நின்னு டோக்கன் கூப்பிடுவேன். உள்ள போறவங்க முகத்தையும் வெளிய வர்றவங்க முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது தான் நான் சொல்றதெல்லாம். நான் டாக்டர் இல்ல, எந்த மாத்திரை போடணும்னு கேக்காதீங்க, மத்தது எது வேணா கேளுங்க.

திண்டுக்கல்காரர்: அக்கா, அம்மாவுக்கு 68 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. அடுத்த வாரம் புது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஒரு மஞ்சப்பை எடுங்க தம்பி. அம்மா வாயில போடுற எல்லாத்தையும் அட்டையோட அதுல போடுங்க, "வெள்ளையா ரவுண்டா ஒண்ணு காலைல போடுறாங்க"ன்னு சொன்னா எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியாது, கடையில இருக்கிற மாத்திரையில பாதி வெள்ளை ரவுண்டு தான். எல்லாம்னா எல்லாம் தான், இன்சுலின், கண்ணுல விடுற சொட்டு மருந்து, நாட்டு மருந்துக் கடை லேகியம், முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற மாத்திரை வரைக்கும். இந்த முட்டி வலி மாத்திரையைத் தான் யாரும் சொல்லவே மாட்டாங்க, ஆனா டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பாதிக்கும், அது தெரியாம டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கிட்டே இருப்பார். ரிப்போர்ட்டெல்லாம் தேதி வாரியா, புதுசு மேல இருக்கட்டும். பழைய ஈசிஜி இருந்தா தூக்கிப் போடாதீங்க, இன்னைக்கு எடுக்குறதுல ஒரு மாத்தம் தெரிஞ்சா அது புதுசா பழசான்னு அதை வச்சுத் தான் சொல்ல முடியும்.

ரெண்டு புள்ளைக்கு அம்மா: வெறும் வயித்துல பிளட் டெஸ்ட்னா தண்ணி கூட குடிக்கக் கூடாதா? சுகர் மாத்திரை எப்போ போடுறது?

தண்ணி தாராளமா குடிங்க. காபி டீ வேணாம், சர்க்கரை போடலன்னாலும் வேணாம். குறைஞ்சது 8 மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும். சிலர் முந்தின நாள் சாயங்காலமே நிறுத்திட்டு காலைல 11 மணிக்குத் தள்ளாடிட்டு வருவாங்க, அது தப்பு. சுகர் மாத்திரையோ ஊசியோ வெறும் வயித்துல போட்டுட்டு வந்துடாதீங்க, பாதி வழியில லோ சுகர் ஆயிடலாம். முதல் ரத்தம் குடுத்துட்டு வழக்கமா போடுற மாதிரி போட்டு, வழக்கமா சாப்பிடுறதையே சாப்பிடுங்க. சாப்பிட்ட பிறகு எடுக்குற ரெண்டாவது ரத்தத்துக்கு, முதல் வாய் இட்லி எடுத்து வச்ச நேரத்துல இருந்து 2 மணி நேரம் கணக்கு, கை கழுவின நேரத்துல இருந்து இல்ல. அப்புறம், டெஸ்டுக்கு முன்னாடி மூணு நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாத்தலாம்னு நினைக்காதீங்க, எச்பிஏ1சின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா கடைசி மூணு மாசக் கதையும் வெளிய வந்துடும் 😄

புதுக்கோட்டை வாசகர்: சிஸ்டர், நான் ஒண்ணு சொல்றேன், டாக்டர் வேற ஒண்ணு புரிஞ்சுக்கிறார். நோயை எப்படித் தான் சொல்றது?

நல்ல கேள்வி சார், நான் தினமும் பார்த்தது இது. நம்ம ஊர்ல "மயக்கமா வருது"ன்னா ஒருத்தருக்கு வீடே சுத்துது, ஒருத்தருக்கு எந்திரிச்சா கண்ணு இருட்டுது, இன்னொருத்தர் நிஜமாவே நினைவு தப்பி விழுந்திருக்கார். மூணுக்கும் பார்க்குற டெஸ்டே வேற. "இளைப்பு"ன்னா மூச்சு வாங்குதா, உடம்பு மெலிஞ்சுடுச்சா? "கேஸ்"னு சொல்றது இதை விட மோசம், நெஞ்சுல இருந்து முதுகு வரைக்கும் எங்க வலிச்சாலும் கேஸ் தான் நமக்கு. அதனால நோய்க்குப் பேரு வைக்காதீங்க, நடந்ததைச் சொல்லுங்க. "பத்து நாளா மாடி ஏறுனா நெஞ்சு அழுத்துது, உக்காந்தா சரியாகுது", இவ்வளவு போதும், மீதியை அவரே கேட்டுக்குவார். முக்கியமானதை முதல்ல சொல்லிடுங்க. பத்து நிமிஷம் முட்டி வலியைப் பேசிட்டு கதவுகிட்ட போய் "அப்புறம் டாக்டர், மலத்துல ரத்தம் போகுது"ன்னு சொன்னவங்களை நான் எண்ணி முடியாது. வலிப்பு மாதிரி வந்து வந்து போறதுன்னா பக்கத்துல இருக்கிறவங்க போன்ல வீடியோ எடுத்து வைங்க, நூறு வார்த்தை சொல்றதை விட அது உதவும்.

சேலம் தம்பி: வீட்ல பிரஷர் நார்மல், ஆஸ்பத்திரில பார்த்தா ஏறிடுது!

பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்து, கடையில ஒரு டீ அடிச்சுட்டு, ஒண்ணுக்கை அடக்கிக்கிட்டு உக்காந்தா ஏறாம என்ன பண்ணும்? அரை மணி முன்னாடி டீ, சிகரெட் வேணாம். பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் சாஞ்சு சும்மா உக்காருங்க, கால் மேல கால் போடாதீங்க, பார்க்கும்போது பேசாதீங்க. அதுக்கப்புறமும் ஏறுனா, வீட்ல பார்த்ததைத் தேதி நேரம் போட்டு ஒரு வாரம் எழுதிக் காட்டுங்க. ஆமா, கை இறுக்கமான ஜாக்கெட், முழுக்கை சட்டை போட்டுட்டு வராதீங்கப்பா. நெயில் பாலிஷும் வேணாம், விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷினுக்கு ஒத்துக்காது.

பேர் வேண்டாம்: அக்கா, பொம்பளைங்க பிரச்சனை. கூட மாமியார் வருவாங்க. எப்படிச் சொல்ல?

ஒரு தாள்ல எழுதி டாக்டர் கையில குடுத்துடும்மா, அவங்க புரிஞ்சுக்குவாங்க. இல்ல, வாசல்ல நிக்கிற சிஸ்டர்கிட்ட மெதுவா "தனியா பேசணும்"னு சொல்லு, கூட வந்தவங்களை வெளிய உக்கார வைக்கிறதுல எங்களுக்கெல்லாம் நல்ல அனுபவம். கடைசியா தலைக்குக் குளிச்ச தேதி, அதாவது பீரியட்ஸ் ஆரம்பிச்ச முதல் நாள் எதுன்னு பார்த்து வச்சுக்கோ, அதைக் கண்டிப்பா கேப்பாங்க. கர்ப்பமா இருக்கலாம்னு துளி சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரேவுக்கு முன்னாடியே சொல்லிடு.

கோவை அண்ணா: பல்லு பிடுங்கணும், அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறார். ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திடலாமா?

நீங்களா நிறுத்தவே கூடாது! ஸ்டென்ட், அதாவது ஹார்ட் ரத்தக் குழாய் அடைப்புக்கு உள்ள வைக்கிற சின்ன வலைக்குழாய், அது வச்சவங்களுக்கு மாத்திரையை நிறுத்துறது உயிருக்கே ஆபத்தாயிடும். பல் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, அவரும் ஹார்ட் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

மதுரைப் பொண்ணு: தைராய்டு டெஸ்ட் அன்னைக்கு மாத்திரை?

டாக்டர் வேற மாதிரி சொல்லலன்னா ரத்தம் குடுத்துட்டுப் போட்டுக்கோ. முடி கொட்டுதுன்னு பயோட்டின்னு வர்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுறியா? அது ரிசல்ட்டையே மாத்திக் காட்டும், அதையும் சொல்லிடு, எத்தனை நாள் நிறுத்தணும்னு அவங்களே சொல்வாங்க.

பெரியவர்: ரெண்டு நாளா நெஞ்சு வலி, இடது கை வரைக்கும் இழுக்குது. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கு, என்ன கேக்கணும்?

ஐயா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்காதீங்க. 108க்குப் போன் பண்ணுங்க, இப்பவே. வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, வீட்ல யாரையாவது கூப்பிட்டுக்குங்க. மத்தவங்க கேள்வியெல்லாம் நாளைக்குப் பார்க்கிறேன், ஐயா, நீங்க "கிளம்பிட்டேன்"னு ஒரு வார்த்தை போடுங்க, நான் இங்கயே தான் இருக்கேன்.